தொட்டில்களுக்கு நடுவே இரவல் புத்தகம்

அப்படியொரு அறை இருப்பதே விஜயலெட்சுமிக்கு முதல் வருஷம் முழுக்கத் தெரியாது.

பதுளையிலுள்ள தொலைக்கல்வி நிலையத்துக்கு மாதத்தில் ஒன்றிரண்டு சனிக்கிழமைகளில் அவள் வந்து போவாள். கீழ்த்தளத்து வகுப்பறையில் கடைசி வரிசைதான் அவளுடைய இடம். விரிவுரையாளர் சொல்வதில் பிடிபட்டதை எழுதிக்கொள்வாள், பிடிபடாததையும் எழுதிக்கொள்வாள். வகுப்பு முடிந்ததும் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிடுவாள். நடையின் ஓரத்தில் மேலே போகும் படிக்கட்டு ஒன்றை அவள் பார்க்காமல் இல்லை. அதில் ஏறிப் போனவர்களெல்லாம் தோளில் கனமான பையும் முகத்தில் ஒரு தீர்மானமுமாக இருந்தார்கள். நீ ஏறக்கூடாது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. தனக்கில்லாத படி என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை விரிவுரையாளருக்கு வர முடியவில்லை. கூட வந்தவர்கள் கடைவீதிப் பக்கம் கலைந்து போனார்கள். வெளியே சாரல். திரும்பிப் போகவும் மனமில்லை, நிற்கவும் இடமில்லை. என்ன நினைத்தாளோ, படியில் ஏறினாள்.

மேலே கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இரும்பு அலுமாரிகள், அவற்றில் நெருக்கமாகப் புத்தகங்கள், ஒரு நீள மேசை, எதிர்ச்சுவரில் அகலமான ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நகரத்தின் தகரக் கூரைகளும், அவற்றுக்குப் பின்னால் பாதி அழிந்தாற்போல நமுனுகுல மலையும் தெரிந்தன. அவள் பிறந்தது அந்த மலையின் இடுப்பில்தான். ஆனால் இங்கிருந்து பார்க்கும்போது அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

வாசலுக்கு அருகே உட்கார்ந்திருந்த மனிதர் ஒரு புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஸமீம், நூலக உதவியாளர். தலை நிமிராமலே, "உள்ளுக்கு வாங்க. கதவத் தொறந்து வெச்சா புத்தகத்துக்குக் குளிர் பிடிக்கும்" என்றார்.

"நான் டிப்ளோமா படிக்கிறேன் சேர். டிகிரி இல்ல."

"மாணவர் அட்ட இருக்கா?"

அவள் கைப்பையைக் கிளறி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுதான் நூலக அட்டையும். ரெண்டு புத்தகம் எடுத்துட்டுப் போகலாம். இங்க இல்லாதது வேணும்னா சொல்லுங்க, கொழும்புல இருந்து எடுப்பிச்சுத் தாறேன். நாள் முடியுதுன்னா இங்க ஓடி வரத் தேவயில்ல, போன்ல சொன்னாப் போதும். ஒரு வருஷமா படிக்கிறீங்க, இது யாருமே சொல்லலியா?"

"சொல்லியிருப்பாங்க சேர். எனக்கில்லன்னு நெனச்சிட்டேன்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நீலச் சேலை, நனைந்த செருப்பு, நெற்றியில் குங்குமம், முப்பத்தெட்டு வயது இருக்கலாம். "என்ன பாடம்?" என்று கேட்டார்.

"முன்பிள்ளைப்பருவக் கல்வி."

அலுமாரிக்குள் போனவர் பச்சைத் துணி முதுகு ஒட்டிய தடித்த புத்தகம் ஒன்றோடு வந்தார். பிள்ளைகள் எப்படிப் பேசப் பழகுகிறார்கள் என்பதைப் பற்றியது. மேலட்டை எப்போதோ கிழிந்து போயிருந்தது. "இதக் கேட்டு ஆள் வந்து எவ்வளவோ காலம்" என்று தேதி முத்திரையைக் குத்தினார்.

அன்றைக்கு அவள் பஸ்ஸில் மலைக்குத் திரும்பும்போது புத்தகம் மடியில் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் சாரல் வழிந்தது. பிள்ளையைச் சுமந்து வருகிறவளைப் போல இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் விஜயலெட்சுமியைத் தெரியாதவர்கள் இல்லை. பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பானவள் அவள்தான். விடிந்ததும் பெண்கள் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற வழியில், தூக்கம் கலையாத பிள்ளைகளை அவளிடம் இறக்கிவிட்டுப் போவார்கள். மாலையில் கொழுந்தை எடை போட்ட பிறகு வந்து தூக்கிப் போவார்கள். இடையில் இருக்கிற பகல் முழுக்க அவளுடையது. பால் காய்ச்சுவதும், திரிபோஷ சத்துமா பிசைந்து உருண்டை பிடிப்பதும், மூக்குத் துடைப்பதும், கூரை விட்டத்தில் சேலைத் தொட்டில் கட்டி ஆட்டுவதுமாக அந்த மலையின் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் வளர்ந்தவர்கள்.

பதுளைத் தமிழ்ப் பள்ளியில் உயர்தரப் பரீட்சை எழுதியவள் அவள். பல்கலைக்கழகத்துக்குப் போகப் புள்ளி போதவில்லை. அந்த வருஷமே கலியாணம். கணவன் சுரேன் வெலிமடையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றும் லொறிகளில் வேலை செய்கிறான். பௌர்ணமிப் போயா விடுமுறையை ஒட்டி வந்து போவான். ஒரே மகள் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவர்களும் டிப்ளோமா படிக்கலாம் என்று தோட்டத்து ஆபீசில் சொன்னபோது, அவள் பேரைக் கொடுத்ததற்கு வேறு காரணம் ஒன்றுமில்லை. படிப்பு என்ற சொல் காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது. ஒரு காம்பராவில் தொலைக்காட்சி பாடினால் மூன்று காம்பராவுக்குக் கேட்கும். அதனால் புத்தகத்தைப் பிள்ளைக்காம்பராவுக்கே கொண்டு போனாள். பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தொட்டிலுக்குப் போனபின் கிடைக்கிற அந்தப் பொழுதில், சுவரில் சாய்ந்து புத்தகத்தைத் திறந்தாள்.

கண்ணால் படித்தபோது ஒன்றும் ஏறவில்லை. வாக்கியங்கள் நீண்டு நீண்டு போய், முடிவில் வினைச்சொல் வரும்போது தொடக்கம் மறந்துவிடும். பிறகு மெதுவாக உதட்டைத் திறந்து, சத்தமாகவே வாசித்துப் பார்த்தாள். காதில் விழுந்தபோது அது கொஞ்சம் இளகிக் கொடுத்தது. புத்தகத்தை மொழிபெயர்த்தவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு பந்திக்கு ஒரு பந்தியை 'ஆகவே' என்றுதான் தொடங்குவார். முந்திய பந்தியில் திக்குமுக்காடுகிற விஜயலெட்சுமிக்கு, அந்த 'ஆகவே' வந்ததும் கைப்பிடிச் சுவர் கிடைத்தாற்போல இருக்கும். ஒரு மூச்சு விட்டு, அதைக் கொஞ்சம் இழுத்தே சொல்வாள். "ஆ...கவே."

இரண்டு மூன்று நாளில் ஒன்றைக் கவனித்தாள். வழக்கமாக அழிச்சாட்டியம் பண்ணுகிற பிள்ளைகள்கூட அவள் வாசிக்கத் தொடங்கினால் அடங்கினார்கள். பாட்டுக்கு மசியாதவன் பந்திக்கு மசிந்தான். 'குழந்தையின் செவிப்புல அனுபவமானது' என்று அவள் தொடங்கும்போதே ஒரு தொட்டில் ஆடாமல் நின்றுவிடும். வாக்கியம் முடிவதற்குள் இன்னொன்று. பகல் இரண்டு மணிக்கு மேல் கீழேயிருந்து மூட்டம் ஏறி வரும். திறந்த ஜன்னல் வழியாக அது உள்ளே வந்து, தொட்டில்களுக்கு இடையில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வெள்ளைக்குள் தொங்கும் சேலைகளின் சிவப்பும் மஞ்சளும் மட்டும் தெரியும். தான் வாசிப்பது தனக்கே எங்கிருந்தோ வருகிற குரலாகக் கேட்கும்.

சில நாள் அவளும் கண்ணயர்ந்துவிடுவாள். அப்படி ஒருநாள், பதுளை நூலகத்தின் பெரிய ஜன்னல் இந்தச் சுவரில் வந்து பொருந்தியிருப்பதாகக் கனவு கண்டாள். ஸமீம் சேர் ஜன்னலைத் திறந்து, ஒவ்வொரு தொட்டிலுக்குள்ளும் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் போனார். விழித்தபோது மூட்டம் கலைந்திருந்தது. ஒரு பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அது மேனுஷா. துவாரகாவின் மகள்.

துவாரகா கீழ் லயத்துப் பெண், சின்னவள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மேனுஷாவுக்கு இரண்டரை வயது தாண்டியும் ஒரு சொல் வரவில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை. பசித்தால் பால் அடுப்பைக் காட்டுவாள். வேண்டாமென்றால் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். மற்ற பிள்ளைகள் தூங்கும்போது இவள் மட்டும் தொட்டிலுக்குள் மல்லாந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடப்பாள். வாசிக்கிற விஜயலெட்சுமியின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பச்சை முதுகுப் புத்தகத்தில் இந்த வயதைப் பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது. பிள்ளை பேசாவிட்டால் முதலில் காதைப் பார்க்க வேண்டும் என்றது அது. பிறகு செய்ய வேண்டியவற்றையும் சொன்னது. பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பேச வேண்டும், அது பார்க்கிற பொருளின் பேரைச் சொல்ல வேண்டும், சொன்னபின் பொறுத்திருக்க வேண்டும். விஜயலெட்சுமி பொறுத்திருந்து பார்த்தாள். கோப்பையைக் காட்டி "கோப்ப" என்பாள், காத்திருப்பாள். மேனுஷா சிரிப்பாள். கூரையில் மழை விழும் சத்தத்துக்கு அந்தப் பிள்ளை தலை திருப்புகிற மாதிரியும் இருக்கும், திருப்பாத மாதிரியும் இருக்கும். நிச்சயமாகத் தெரியவில்லை. அதுதான் அவளை அரித்தது.

ஒருநாள் சாயங்காலம், இடுப்பில் கட்டிய படங்குத் துணி ஈரம் சொட்டச் சொட்ட துவாரகா பிள்ளையைத் தூக்க வந்தாள். விஜயலெட்சுமி வாசலில் நிறுத்தினாள்.

"துவாரகா, ஒருக்கா பாப்பாவ பெரியாஸ்பத்திரியில காட்டுவமா? காது பாக்கிற டாக்டர் இருக்காங்களாம்."

"காதா? எதுக்கு?"

"இல்ல, இன்னும் ஒரு சொல்லும் வரலியே. காது கேக்குதான்னு மொதல்ல பாக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு."

துவாரகாவின் முகம் மாறிவிட்டது. "புத்தகத்துல என் புள்ளயப் பத்தி எழுதிருக்கா?"

"அப்படிச் சொல்லல்ல தங்கச்சி..."

"அவ அப்பாவும் சுணங்கித்தான் பேசுனாராம். மாமி சொன்னாங்க. நீங்க என் புள்ளய ஊமன்னு ஊரெல்லாம் சொல்லப் பாக்குறீங்களா? பால் குடுக்கவும் தொட்டில் ஆட்டவுந்தானே ஒங்கள வெச்சிருக்கு? டாக்டர் வேல எதுக்கு பாக்குறீங்க?"

பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துவாரகா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு விறுவிறென்று இறங்கிப் போனாள். அம்மாவின் தோளுக்கு மேலே தலை நீட்டி, மேனுஷா விஜயலெட்சுமியையே பார்த்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அந்தப் பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. லயத்தில் யாரோ ஒரு கிழவியிடம் விட்டுவிட்டு துவாரகா கொழுந்தெடுக்க மலைக்குப் போவதாகச் சொன்னார்கள். பகல் பொழுதில் வாசிக்கப் புத்தகத்தைத் திறந்த விஜயலெட்சுமி, ஒரு வரியும் வாசிக்காமல் மூடி வைத்தாள். காலியாகத் தொங்கிய அந்தத் தொட்டிலை அவிழ்க்கவும் கை வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முன்னாலேயே மாடிக்கு ஏறினாள். புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"இன்னும் நாள் இருக்கே" என்றார் ஸமீம்.

"வேணாம் சேர். படிச்சி முடிச்சிட்டேன்."

பஸ் டிக்கெட் ஒன்று புத்தகத்தின் நடுப்பகுதியில் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். கீழேயிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியில் தேத்தண்ணி ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அந்த ஆவி முகத்தில் பட்டதும் அவளுக்குத் தாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். துவாரகா சொன்னதை, பெண்கள் பார்த்த பார்வையை, காலித் தொட்டிலை. "ரெண்டு எழுத்துப் படிச்சவொடன பெரிய இவளாட்டம் பேசிட்டேன் சேர். இந்தப் படிப்பே எனக்கு வேணாம்னு இருக்கு."

ஸமீம் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒட்டிய முதுகைத் தடவினார்.

"தங்கச்சி, இந்தப் புத்தகத்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. முதுகு ஒட்டினது மட்டுந்தான் நான். வீட்டுக்குப் போய் அது என்ன செய்யுதுன்னு யாரும் என்கிட்ட வந்து சொன்னதுமில்ல. நீங்கதான் முதல் ஆள்." முத்திரையை எடுத்துப் புதுத் தேதி குத்தினார். "இன்னும் கொஞ்ச நாளைக்கு உங்க பேர்லயே போட்டுட்டேன். கொண்டு போறதும் வெச்சிட்டுப் போறதும் உங்க இஷ்டம்."

அன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை. நீள மேசையில், ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வெளியே மூட்டம் மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து, திரும்பக் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தது. அறையில் பக்கங்கள் புரளும் சத்தம் மட்டும். யாரோ மெதுவாக இருமினார்கள். நினைப்பு எங்கெங்கோ போய், ஒன்றிலும் நிற்காமல் திரும்பி வந்தது. எழுந்தபோது அவள் கை தானாகவே புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தது.

மழைக்காலம் வந்தது. அந்த வருஷத்து மழை யாரும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. இரவும் பகலும் ஒரே சத்தமாகக் கொட்டியது. கீழ் லயத்துக்கு மேலே இருந்த சரிவில் வெடிப்பு கண்டிருப்பதாகச் சொல்லி, அங்கிருந்த குடும்பங்களை உடனே வெளியேறச் சொன்னார்கள். மண் சரிந்து பதுளைப் பாதையும் மூடிவிட்டது. போக வேறு இடமில்லை. மேட்டில், சமதரையில் கட்டின கட்டடம் என்று பார்த்தால் பிள்ளைக்காம்பராதான். பாய்களும் பானைகளும் கோழிக்கூடையுமாக எல்லோரும் அங்கே ஏறி வந்தார்கள். சுரேன் வெலிமடையிலேயே மாட்டிக்கொண்டான். விஜயலெட்சுமியும் மகளும் லயத்துக் காம்பராவைப் பூட்டிவிட்டு, உதவிக்கு அங்கேயே வந்து தங்கினார்கள்.

கடைசியாக, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு துவாரகா வந்தாள். வாசலில் தயங்கி நின்றாள். விஜயலெட்சுமி அவள் இடுப்பிலிருந்து மேனுஷாவை வாங்கி, ஈரச் சட்டையைக் கழற்றித் துடைத்துவிட்டாள். பழைய தொட்டில் கட்டினபடியே இருந்தது. அதில் படுக்க வைத்தாள். துவாரகா சுவரோரமாகப் போய் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்சம் மழை ஓய்ந்தால், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால், போனுக்கு ஒன்றிரண்டு கோடு சிக்னல் வரும். மகள் அப்படி ஏறிநின்ற ஒரு வேளையில் போன் அடித்தது; அம்மாவை மேலே ஏற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"தங்கச்சி, ஸமீம் பேசறேன், நூலகம். எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"இருக்கோம் நானா. வீடுதான் என்ன ஆகுமோ தெரியல்ல." சேர் என்பது, அண்ணனைக் கூப்பிடுகிற நானாவாக மாறியதை அவளும் கவனிக்கவில்லை, அவரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மலப் பக்கத்து மாணவர்களுக்கெல்லாம் ஒவ்வொருத்தரா எடுத்துப் பேசிட்டு வாறேன். எழுதிக் குடுக்கிற ஒப்படைக்குத் தேதி தள்ளிப் போட்டிருக்காங்க. புத்தகத்தப் பத்தி ஒண்ணும் யோசிக்க வேணாம்."

"புத்தகம் நனையல்ல நானா. திரிபோஷ டின்னுக்குள்ள போட்டு மூடி வெச்சிருக்கேன்."

சிக்னல் போய், அவர் சிரித்தது பாதியில் அறுந்துபோனது.

அதற்கு மறுநாள் மத்தியானம். வெளியே பகல் இருந்ததாகவே தெரியவில்லை. ஜன்னலெல்லாம் சாம்பல் நிறம். எங்கோ மலைக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. ஒரு மரம் சாய்ந்ததோ, மண்தான் நகர்ந்ததோ. பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழத் தொடங்கின. பாடிப் பார்த்தார்கள், பயமுறுத்திப் பார்த்தார்கள், சீனி கொடுத்துப் பார்த்தார்கள். அழுகை அடங்கவில்லை. பெரியவர்களுக்கும் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அப்போது சுவரோரத்திலிருந்து துவாரகாவின் குரல் வந்தது. இந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அக்கா, அந்தப் புத்தகத்தப் படிங்களேன். புள்ளைக அதுக்குத்தானே தூங்கும்."

விஜயலெட்சுமி டின்னைத் திறந்தாள். பஸ் டிக்கெட் இருந்த பக்கத்தை எடுத்தாள். "மூன்றாம் அத்தியாயத்தில் விளக்கப்பட்டவாறு" என்று தொடங்கினாள். ஒரு கிழவர், "என்னம்மா இது, ஜோசியப் புத்தகமா?" என்று கேட்டார். யாரோ அவரை அதட்டினார்கள். அவள் வாசித்தாள். நீண்ட வாக்கியங்கள் மழைக்குள் நுழைந்து, மழையோடு சேர்ந்து விழுந்தன. முதலில் கைப்பிள்ளைகள் அடங்கின. பிறகு பெரிய பிள்ளைகள். ஜோசியம் கேட்ட கிழவர் தூணில் சாய்ந்து வாயைத் திறந்தபடி உறங்கினார். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் தலை வைத்துக் கண்களை மூடினார்கள். எத்தனையோ நாளாகத் தூங்காதவர்கள். காம்பரா முழுவதும் ஒரே மூச்சாக ஏறி இறங்கியது. மழைக்குள் மிதந்து போகிற ஒரு பெரிய தொட்டிலுக்குள் எல்லோரும் படுத்திருப்பது போலவும், அதன் கயிறு தன் குரலில்தான் கட்டியிருப்பது போலவும் விஜயலெட்சுமிக்கு இருந்தது. நிறுத்தினால் அறுந்துவிடுமோ என்று வாசித்துக்கொண்டே போனாள்.

ஒரு பந்தி முடிந்தது. பக்கத்தைப் புரட்டி, மூச்சு வாங்க ஒரு கணம் நின்றாள்.

"ஆவவே."

குரல் சின்னது. எங்கிருந்து வந்ததென்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. நிமிர்ந்தாள். தொட்டிலுக்கு வெளியே ஒரு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மேனுஷா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்கிற பார்வை. பொறுமையில்லாமல், இன்னும் கொஞ்சம் இழுத்து மறுபடியும் சொன்னாள்.

"ஆ...வவே."

விஜயலெட்சுமி புத்தகத்தைப் பார்த்தாள். புதுப் பந்தியின் முதல் சொல் அதுதான்.

துவாரகா எப்போது எழுந்து வந்தாளென்று தெரியவில்லை. தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, இப்ப என்ன சொன்னா? என்ன சொன்னா அக்கா?"

"ஆகவேன்னு சொன்னா."

"அப்படின்னா?"

"அப்படின்னா..." விஜயலெட்சுமி அந்தச் சொல்லை மறுபடியும் புத்தகத்தில் பார்த்தாள். "அதனாலன்னு அர்த்தம்."

"எதனால?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எதனால் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. திடீரென்று துவாரகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அழுகையாகி, திரும்பவும் சிரிப்பாகியது. தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று சேலை முனையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, விஜயலெட்சுமியின் முழங்காலில் நெற்றியை வைத்தாள். "என்ன மன்னிச்சிருங்க" என்றோ "கோவிச்சுக்காதீங்க" என்றோ அவள் சொல்லவில்லை. "காது கேக்குதுக்கா. இவளுக்குக் காது கேக்குது" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். விஜயலெட்சுமி அவள் ஈரத் தலையில் கை வைத்தபடி, மீதிப் பந்தியை வாசித்தாள். மேனுஷா கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில், விஜயலெட்சுமிக்குத் தெரிந்து முதல் தடவையாகப் பகலில் தூங்கினாள்.

சரிவு இறங்கி வந்தது. கீழ் லயத்தில் இரண்டு காம்பராக்களின் பின்சுவரை மண் தள்ளிப் போட்டது. ஆட்கள் எல்லோரும் மேலே இருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. துவாரகாவின் காம்பரா தப்பியது. பாதை திறந்ததும் அவளே வந்து, "அக்கா, எந்த நாள் போறம்?" என்று கேட்டாள். எங்கே என்று விஜயலெட்சுமி கேட்கத் தேவையிருக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் காதைப் பரிசோதித்த டாக்டர், செவி நன்றாக இருக்கிறதென்றார். பேச்சுத்தான் சுணக்கம், பயிற்சி வேண்டும், மாதாமாதம் வரவேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்போது விஜயலெட்சுமி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பாதி அந்தப் புத்தகத்தில் இருந்தது. மீதிப் பாதி புதிது. அதை அவள் மறக்காமல் கேட்டுக்கொண்டாள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் நேரே நூலகத்துக்குத்தான் போனார்கள். துவாரகா படியில் தயங்கினாள். "நான் எதுக்குக்கா? எனக்கு அட்ட கிட்ட ஒண்ணுமில்லயே."

"வா. நானும் இப்படித்தான் நின்னேன்."

ஸமீம் எழுந்து நின்று மூன்று பேரையும் பார்த்தார். "சட்டத்துல சின்னப் பிள்ளைகளுக்கு இங்க இடமில்ல" என்றார். பிறகு காலியாகக் கிடந்த மேசையைப் பார்த்தார். "இன்னைக்குச் சட்டத்தப் படிச்சவங்க யாரும் வரல்ல. வாங்க."

மேனுஷா அலுமாரிகளுக்கு நடுவே ஓடினாள். அடித்தட்டுப் புத்தகங்களின் முதுகுகளை விரலால் தடவிக்கொண்டே போய், அந்தக் கோடியில் மறைந்து, இந்தக் கோடியில் வந்தாள். துவாரகா நீள மேசையில் ஒரு சஞ்சிகையைத் திறந்து வைத்தாள். விடியலில் எழுந்து வரிசையில் நின்ற அலுப்பு. ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டது. யாரும் அவளை எழுப்பவில்லை. விஜயலெட்சுமி பச்சை முதுகுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இந்தத் தடவை உண்மையாகவே கடைசிப் பக்கம் வரை படித்திருந்தாள்.

டிப்ளோமாவில் ஒரு பாடம் முதல் தடவை சறுக்கியது. இரண்டாம் தடவை எழுதித் தேறினாள். இப்போது பட்டப்படிப்புக்குப் பதிந்திருக்கிறாள். கொழும்புப் பெரிய நூலகத்தின் கட்டுரைகளைப் போனிலேயே இறக்கிப் படிக்க மகள் காட்டிக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் கையில் கனக்காத எழுத்தை எழுத்தென்று நம்ப அவளுக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. சுரேன் ஊருக்கு வரும் நாட்களில் பிள்ளைக்காம்பரா வாசலில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வருகிற குரலைக் கேட்டுக்கொண்டே பீடி பற்ற வைக்க மறந்துபோவான். "ஒண்ணும் விளங்கல்ல, ஆனா நல்லா இருக்கு" என்பான்.

மேனுஷா முன்பள்ளிக்குப் போகிறாள். பேசத் தொடங்கியவள் நிறுத்துகிறதில்லை. முன்பள்ளி முடிந்ததும் பிள்ளைக்காம்பராவுக்குத்தான் வருவாள். அண்மையில் ஒருநாள் பகல், ஜன்னலுக்கு வெளியே மலையெல்லாம் மூடிக் கிடந்த மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "பெரியம்மா, கடல்னா இதுதானா?" என்று கேட்டாள்.

விஜயலெட்சுமி பார்த்த ஒரே கடல், கலியாணமான புதிதில் கொழும்பில் ஒரு சாயங்காலம் பார்த்தது. அதுவும் கூட்டத்துக்கு நடுவே.

அடுத்த தடவை நூலகத்துக்குப் போனபோது ஸமீமிடம் கேட்டாள்.

"கடலப் பத்தி தமிழ்ல ஏதாச்சும் இருக்குமா நானா? திமிங்கிலம், மீன், அந்த மாதிரி."

"இங்க இல்ல. கொழும்புல கேட்டுப் பாக்கலாம்." அவர் எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "இது உங்க பாடத்துல வராதே?"

"வராது. சும்மா படிக்க."

'சும்மா' என்ற அந்தச் சொல்லை அவர் ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ரொம்பவும் பிடித்துப்போனாற்போல இருந்தது.

புத்தகம் வந்து சேர்ந்த வாரம் மழையில்லை, மூட்டம் மட்டும்தான். பகல் சாப்பாடு முடிந்தது. சிவப்பும் மஞ்சளுமாகத் தொட்டில்கள் தொங்கின. விஜயலெட்சுமி சுவரில் சாய்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். சில திமிங்கிலங்கள் ஆழத்தில் தலையை மேலே நிமிர்த்தி, கூட்டமாக, செங்குத்தாக மிதந்தபடியே உறங்கும் என்று அதில் போட்டிருந்தது. அதை வாசித்துவிட்டு அவளே ஆச்சரியத்தில் நின்றுவிட்டாள்.

"நின்னுக்கிட்டா தூங்கும்?" தொட்டிலில் இடம் போதாமல் பாயில் படுத்திருந்த மேனுஷா கேட்டாள்.

"ஆமா. நின்னுக்கிட்டேதான்."

"விழுந்துறாதா?"

"தண்ணி பிடிச்சுக்கும்."

மேனுஷா பாயில் படுத்தபடியே தலையை மேலே நிமிர்த்திப் பார்த்தாள். ஜன்னல் வழியாக மூட்டம் மெல்ல உள்ளே வந்து, கால்மாட்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக மூடத் தொடங்கியது. விஜயலெட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டு, அடுத்த வரிக்குப் போனாள்.